‘பஃப்டூ’வை ரசிப்பது எப்படி?

ஒரு புத்தகத்தின் அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்புகளாக விம் எடிட்டரில் திறந்திருக்கின்றன. சிலவற்றில் ‘கோயமுத்தூர்’ என்றிருக்கிறது. எல்லாவற்றையும் ‘கோயம்புத்தூர்’ ஆக்க வேண்டும். ‘பஃப்டூ’ கட்டளை நொடியில் முடித்துத் தரும். வேகத்தைப் பார்த்து வியப்பதோடு விட்டுவிடாதீர்கள். அது எங்கெங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அதன் அழகே அங்கேதான்.

பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம்முக்கு இந்தக் கட்டளை 2001-இல், ஆறாம் பதிப்பில் வந்தது. திறந்துள்ள கோப்புகளை வரிசையாக எடுத்து, நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றிலும் செய்யும். முழு வரி இது (கட்டளை எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்):

:பஃப்டூ %எஸ்/கோயமுத்தூ/கோயம்புத்தூ/ஜிஇ | அப்டேட்

முதலில் அந்த ‘இ’யை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்தச் சொல் இல்லாத முதல் கோப்பிலேயே பிழை காட்டி நின்றுவிடும். தேடியது கிடைக்காதது கோளாறா, இயல்பா என்பதை எடிட்டர் தானாக முடிவுசெய்வதில்லை, உங்களிடம் விடுகிறது. ‘இ’ சேர்த்தால், ‘இல்லாவிட்டால் பரவாயில்லை, மேலே போ’ என்று அர்த்தம். ஓரெழுத்தில் இவ்வளவு பொறுப்பு! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து ‘அப்டேட்’. மாற்றியதைச் சேமிக்காமல் விம் வழக்கமாக அடுத்த கோப்புக்கு நகராது. ‘ரைட்’ என்று கொடுத்தாலும் சேமிக்கும்தான். ஆனால் கைபடாத கோப்புகளையும் திரும்ப எழுதி, அவற்றின் தேதியையும் நேரத்தையும் மாற்றிவிடும். ‘அப்டேட்’ மாறியதை மட்டும் எழுதும். மற்ற கோப்புகள் பழைய தேதியோடு அப்படியே இருக்கும்.

இப்போது தேடும் சொல்லைப் பாருங்கள். ‘ர்’ வரை எழுதாமல் ‘தூ’வோடு நிறுத்தியிருக்கிறேன். ‘கோயமுத்தூரில்’, ‘கோயமுத்தூருக்கு’ என்று வேற்றுமை ஏறும்போது புள்ளி போய்விடும். ‘ர்’ வரை தேடினால் அவை தப்பிவிடும். தமிழில் தேடுகிறவர்கள் சொல்லை எங்கே வெட்டுவது என்று யோசித்தே ஆக வேண்டும்.

ஓட்டுவதற்கு முன், ‘ஜிஇ’யோடு ‘என்’ சேர்த்து, ‘அப்டேட்’ இல்லாமல் ஒருமுறை கொடுங்கள். எதையும் மாற்றாமல், கோப்புக்குக் கோப்பு எத்தனை இடங்கள் என்று எண்ணிச் சொல்லும். எதிர்பாராத கோப்பில் எண்ணிக்கை வந்தால், ‘என்’னுக்குப் பதில் ‘சி’ போட்டு, ‘அப்டேட்’டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் கேட்டுத்தான் மாற்றும். பழைய கடிதத்திலிருந்து எடுத்த மேற்கோளில் ‘கோயமுத்தூர்’ வந்தால் மறுத்துவிடுங்கள்; அது கடிதம் எழுதியவரின் சொல்.