நாணயச் சாலை மூடலும் வெள்ளிக் கொலுசும்: காலனிய நாணயக் கொள்கை குறித்த எழுத்துகள் ஒரு மறுநோக்கு

1893 ஜூன் 26 அன்று, ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி, இந்திய நாணயச் சாலைகள் தனியார் கொண்டுவரும் வெள்ளிக்கு மூடப்பட்டன. இதனை விவாதித்த நூல்களுள் கெயின்ஸின் ‘இந்திய நாணயமும் நிதியும்’ (1913), அம்பேத்கரின் ‘ரூபாயின் பிரச்சினை’ (1923) ஆகிய இரண்டும் முதன்மையானவை. கெயின்ஸ் பொன் மாற்றுத் திட்டத்தை ஆதரித்தார். அம்பேத்கர் அதனை மறுத்து, செலாவணி நிலைப்பைவிட ரூபாயின் வாங்குதிறன் நிலைப்பே முதன்மையானது என்றார். எனினும் இருவருக்கும் மைய வினா நாணயத் திட்டமே. வைகைக் கரையிலுள்ள சோழவந்தான் போன்ற வேளாண் ஊர்களிலிருந்து நோக்கினால் வேறொரு வினா எழுகிறது: வீட்டிலிருந்த வெள்ளி என்னவாயிற்று?

ரூபாயின் எடை ஒரு தோலா. அதில் தூய வெள்ளி 165 கிரெயின். சாலை திறந்திருந்தவரை, கொலுசும் தண்டையும் நாணயமாகக்கூடிய சேமிப்புகளே. 1876–78 பஞ்சத்தில் வெள்ளி நகைகள் பெருமளவில் பம்பாய் நாணயச் சாலைக்குச் சென்றமை இதற்குச் சான்று. மூடலுக்குப் பின் அவ்வழி அடைபட்டது. 1902இல் லண்டனில் ஓர் அவுன்ஸ் வெள்ளியின் விலை ஏறத்தாழ 24 பென்ஸ். அவ்விலையில் ஒரு ரூபாயிலுள்ள வெள்ளியின் மதிப்பு சுமார் 9 பென்ஸ். ரூபாயின் செலாவணி மதிப்போ 16 பென்ஸ். அதாவது, ரூபாய்க்கு நிகரான எடையும் தரமும் உடைய நகையின் வெள்ளி, லண்டன் விலையில் ஒன்பது அணாவே பெறும். வெள்ளிக்கு விதிக்கப்பட்ட 5 விழுக்காடு இறக்குமதி வரியைக் கூட்டினாலும் அது பத்தணாவை எட்டாது. நிலத்தீர்வையோ முழு ரூபாயில் செலுத்தப்பட வேண்டியிருந்தது.

1917இல் நிலைமை தலைகீழானது. போர்க்காலத்தில் வெள்ளி விலை ஏறவே, நாணயத்தை உருக்குவதும் தனியார் வெள்ளி இறக்குமதியும் தடைசெய்யப்பட்டன. வெள்ளி மலிந்தபோது நகை நாணயமாகக் கூடாது. விலை ஏறியபோது நாணயம் நகையாகக் கூடாது. இரு தடைகளும் அரசின் நிதியைக் காத்தன; இரண்டிலும் குடும்பச் சேமிப்பே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இச்சேமிப்பைக் கெயின்ஸ் வீண் பதுக்கலாகவே கண்டார். வங்கியில்லா ஊரில் நகையே வைப்புநிதி என்பதை அப்பார்வை மறைக்கிறது. வாங்குதிறனை முன்னிறுத்திய அம்பேத்கரின் அளவுகோலை நகைக்கும் நீட்டித்தால் இம்மறைப்பு விலகும். அதற்கு ஆணைய அறிக்கைகள் மட்டும் போதா. அடகுக் கணக்குகள், சீர்வரிசைப் பட்டியல்கள், பொற்கொல்லர் ஏடுகள் ஆகியவற்றையும் மதுரை வட்டார ஆய்வாளர்கள் நாணய வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும்.