போருக்கும் புத்தகத்துக்கும் இடையே

1944 செப்டம்பரில் பசிபிக் கடலின் பெலெலியூ தீவில் இறங்கிய அமெரிக்க மரைன் படையில் யூஜின் ஸ்லெட்ஜ் என்ற சாதாரணச் சிப்பாயும் இருந்தார். எதிரி கையில் சிக்கிவிடும் என்பதால் களத்தில் நாட்குறிப்பு எழுதத் தடை. அவர் தன்னிடமிருந்த புதிய ஏற்பாட்டுக்குள் குறிப்புகளைக் கிறுக்கி ஒளித்துவைத்தார். பெலெலியூவிலும் ஒகினாவாவிலும் எழுதிய அந்தக் குறிப்புகளிலிருந்து 'வித் தி ஓல்ட் பிரீட்' என்ற நூல் பிறந்தது 1981இல். போர் முடிந்ததிலிருந்து 36 ஆண்டுகள். அவர் உயிரியல் பேராசிரியரானார், குடும்பம் நடத்தினார், கெட்ட கனவுகளில் விழித்தெழுந்தார்.

போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் நூல்களை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். நடந்ததைச் சொல்ல இவ்வளவு காலம் ஏன்? நூறாண்டு நூல்களை வரிசையாக வைத்துப் படித்தால் விடை தெரிகிறது. தனக்கு நேர்ந்ததைச் சொல்வது கடினம். தான் செய்ததைச் சொல்வது அதைவிடக் கடினம்.

முதல் உலகப் போரில் தொடங்குவோம். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை அச்சேற்றினார். நோய்க்குப் பெயர் கிடைத்தும் நோயாளிக்கு இரக்கம் கிடைக்கவில்லை. களத்தைவிட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல்தான். அதிகாரிகளுக்கோ எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனை இருந்தது. போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்று 1917இல் பகிரங்க அறிக்கை விட்ட சீக்ஃபிரீட் சசூன் அங்கேதான் அனுப்பப்பட்டார். அவருக்குச் சிகிச்சை அளித்த ரிவர்ஸ் நமக்கு வேறு வகையில் தெரிந்தவர். நீலகிரித் தோடர்களிடையே ஆய்வு செய்து 1906இல் 'தி தோடாஸ்' நூலை எழுதியவர் அவரே. 'மறந்துவிடு' என்று சிப்பாயிடம் சொல்வது மருந்தாகாது, அடக்கிய நினைவு உள்ளே சீழ்பிடிக்கும் என்பதை அன்றே உணர்ந்தவர்.

சசூனின் நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் 1929இல் 'குட்பை டு ஆல் தட்' எழுதினார். ஊர் திரும்பிய பிறகும் நள்ளிரவில் தன் கட்டிலில் குண்டு வெடித்ததையும், தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் செத்துப்போன நண்பர்களின் முகத்தைக் கண்டதையும், தொலைபேசியைத் தொடவே அஞ்சியதையும் மறைக்காமல் சொன்னார். ஓர் அதிகாரி தன் நடுக்கத்தை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் இந்தத் தலைமுறையின் நூல்களில் காயம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. எழுதுபவர் அடிபட்டவர்.

ஸ்லெட்ஜிடம்தான் அந்தக் கோடு அசைகிறது. இறந்த ஜப்பானியர்களின் வாயிலிருந்து தங்கப் பற்களைப் பிடுங்கும் தோழர்களைக் கண்டு அருவருத்த அவரே ஒருநாள் அதற்குக் குனிகிறார். படையின் மருத்துவ உதவியாள் கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித் தடுக்கிறார். கிருமி ஒரு சாக்கு, தன்னை மனிதனாக மீட்கவே அவர் அப்படிச் சொன்னார் என்பது ஸ்லெட்ஜுக்குப் பிறகுதான் புரிகிறது. இந்தக் காட்சியை அவர் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதினார். அந்த நூலின் பெருமை எனக்கு அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

வியட்நாம் இதை இன்னும் ஆழமாகத் தோண்டியது. 1965இல் டாநாங்கில் இறங்கிய இளம் அதிகாரி பிலிப் கபூட்டோ, 1977இல் 'எ ரூமர் ஆஃப் வார்' எழுதினார். அவர் அனுப்பிய ஆட்கள் இரண்டு வியட்நாமிய இளைஞர்களைக் கொன்றார்கள். அவர் மீதான கொலைக் குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. சட்டம் விட்டாலும் அவர் தன்னை விடவில்லை. வாய்விட்டுச் சொல்லாத தன் கொலைவெறியைத்தான் தன் ஆட்கள் நிறைவேற்றினார்கள் என்று எழுதினார்.

1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்த மனநோய் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்ற பெயரோடு இடம்பெற்றது. அச்சத்தால் வரும் காயத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியது. மனசாட்சியில் விழும் காயத்துக்குப் போதவில்லை. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே 1994இல் 'அக்கிலீஸ் இன் வியட்நாம்' எழுதினார். அறக்காயம் என்ற கருத்து வேரூன்ற அவரது பணி முக்கியக் காரணம். அந்தக் காயத்தின் கதையைச் சொல்ல, வியட்நாமில் போரிட்ட கார்ல் மார்லாண்டஸுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. தான் கொன்ற வட வியட்நாமிய இளைஞனின் கண்கள், பல வருடங்கள் கழித்து இரவில் கார் ஓட்டும்போது எதிரே வந்து நின்றதை 2011இல் எழுதினார். வீரப்பதக்கம் பெற்றவர் அவர். பதக்கம் அந்தக் கண்களை மூடவில்லை.

பிற்காலப் போர்கள் வேறு முகங்களைக் காட்டின. பதினெட்டு வயதில் ரஷ்யாவின் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கப்பட்டு செச்னியா சென்ற அர்காடி பாப்சென்கோ, உயிரோடு திரும்பியும் இரண்டாம் செச்சென் போருக்குத் தானே விரும்பிப் போனார். சொந்தப் படையிலேயே அடிவாங்கியதையும், போர் போதையாகிப் போனதையும் சேர்த்தே சொல்கிறார். 1994 இனப்படுகொலையின்போது ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய கனடா தளபதி ரோமியோ டலேரின் பாரம் வேறு. அவர் கொல்லவில்லை, கொலையைத் தடுக்க ஆளும் அனுமதியும் தரப்படவில்லை. தன் மனம் சிதைந்ததை 2003இலும் 2016இலும் நூல்களாக எழுதினார்.

தமிழிலும் இந்த வரிசை உண்டு. சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' 2003இல் வந்தது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி 2015இல் இறந்தார். அவரது 'ஒரு கூர்வாளின் நிழலில்' அடுத்த ஆண்டு வெளியானது. இந்த நூல்களை நாம் வாசித்த விதம்தான் வருத்தம் தருகிறது. எழுதியவர் எந்தப் பக்கம், துரோகியா, தியாகியா என்றே வழக்காடினோம். அந்த மனம் என்ன சுமந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

ஈழப் போர் முடிந்த 2009இல் இருபது வயதில் உயிர்தப்பிய ஒருவர், ஸ்லெட்ஜைப் போல 36 ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், 2045இல்தான் பேசுவார். அவ்வளவு காலம் அவரை நாம் காக்கவைக்க வேண்டாம். அவர் பேசத் தொடங்கும் நாளில் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு முழுவதும் கேட்போம்.