நடிக்கப் போகிறவர்களுக்கு

"சான்ஸ் எப்படிக் கிடைக்கும்?" நடிக்கத் துடிக்கும் நம் இளைஞர்களின் முதற்கேள்வி இதுதான். கிடைத்தபின் காட்டுவதற்குக் கையில் சரக்கு வேண்டாமா என்பது என் கேள்வி.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் பாருங்கள். வள்ளி திருமணத்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகையும் இல்லை, டைரக்டரும் இல்லை. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் மூண்டால், எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார் என்பது மேடையில்தான் தெரியும். பாடம் நெஞ்சில் இல்லாதவன் விழிக்க வேண்டியதுதான். சினிமாவில் மறுபடி எடுக்கலாம். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சம்சாரி அதற்கு இடம் கொடுக்கமாட்டான்.

குறையும் உண்டு. தர்க்கம் நீண்டு கதை நடுவழியில் நின்றுவிடும். கைதட்டலுக்காகப் பபூன் கொச்சையில் இறங்குவார். பயிற்சியை அங்கே கற்கலாம். ருசியை வேறிடத்தில் தேட வேண்டும்.

காலமும் பிடிக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் தி.க. சண்முகம் சேர்ந்தபோது வயது ஆறு. ஔவையாராக அவர் பெயர் பெற்றதோ இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு.

அதுவரை சோற்றுக்கு? வெள்ளாமை வீடு வந்து, கோவில் விழா நடக்கும் பங்குனி, சித்திரையில்தான் நாடகம் மும்முரம். ஐப்பசி மழையில் மேடை ஓய்ந்து கிடக்கும். வானம் பார்த்த பூமியின் சம்சாரியைப் போல, சில மாத வரும்படியில் வருஷம் முழுவதும் சாப்பிட நடிகனும் பழக வேண்டும். ஆகவே, தம்பிமாரே, தெரிந்த கைத்தொழிலை விட்டுவிடாதீர்கள். சான்ஸ் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவனிடம் ஒரு காசும் கொடாதீர்கள். நடித்தால் கூலி வரவேண்டும், கைக்காசு போகக்கூடாது.