நசரேயன்: பாட்டி சொன்னதும் நான் திருத்தியதும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிய இயேசு படத்தில் அவருக்குத் தோள்வரை தலைமுடி. ஏன் என்று கேட்டால் பாட்டியிடம் பதில் தயாராக இருக்கும். "அவரு நசரேயருடா. சிம்சோன் மாதிரி. தலையில சவரக்கத்தி படக்கூடாது." பெரிய எழுத்து வேதாகமத்தைத் திறந்து இரண்டு இடங்களையும் விரல் வைத்துக் காட்டுவார். நியாயாதிபதிகள் 13இல் சிம்சோன் நசரேயன். மத்தேயு 2:23இல் இயேசு நசரேயன். ஒரே சொல். அப்புறம் என்ன சந்தேகம்?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது சும்மா ஓர் ஆர்வத்தில் எபிரேய எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, "பாட்டி, நீங்க சொன்னது தப்பு" என்று நிரூபித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த நிரூபணத்தை இப்போது திரும்பவும் சரிபார்க்கிறேன்.

சிம்சோனுக்கு எபிரேயத்தில் உள்ள சொல் நாசீர். கடவுளுக்கென்று பிரித்து வைக்கப்பட்டவன். எண்ணாகமம் 6இன்படி அவன் திராட்சரசம் குடிக்கக்கூடாது, முடி வெட்டக்கூடாது, பிணத்தின் அருகே போகக்கூடாது. இயேசுவோ 'மதுபானப்பிரியன்' என்று ஏச்சு வாங்கியவர். இறந்த சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பியவர். எழுத்தும் வேறு. நாசீரில் வருவது 'ஸயின்'. நாசரேத்து ஊரின் பெயரில் வருவது 'த்ஸாதே'. 1962இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டுத் துண்டிலும் அப்படித்தான். இன்றைய எபிரேயத்தில் கிறிஸ்தவர்கள் 'நோத்ஸ்ரிம்', அரபியில் 'நஸாரா'. மலாய்க்கு அது 'நஸ்ரானி'யாக வந்தது. மலாக்கா யூரேசியர்களை நாம் 'செரானி' என்கிறோமே, அதுவும் இதே சொல் தேய்ந்ததுதான்.

தமிழில் எல்லாம் ஒரே 'ச'. பழைய திருப்புதலில் நாசீரும் நசரேயன், நாசரேத்தூர்க்காரரும் நசரேயன். 1995இல் வந்த திருவிவிலியம் சிம்சோனை 'நாசீர்' என்றே விட்டு இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தது. நல்ல முடிவு.

சிக்கல் இதோடு முடியவில்லை. 'நசரேயன் எனப்படுவார்' என்பது தீர்க்கதரிசிகள் உரைத்தது என்கிறார் மத்தேயு. பழைய ஏற்பாட்டை எவ்வளவு புரட்டினாலும் அப்படி ஒரு வரி கிடையாது. எபிரேயம் கற்ற ஜெரோம் தன் ஏசாயா உரையில் ஒரு விளக்கம் தருகிறார்: கற்றறிந்த எபிரேயர்கள் இதை ஏசாயா 11:1இலிருந்து எடுத்ததாகக் கருதுகிறார்கள். அங்கே ஈசாயின் வேரிலிருந்து எழும்புவது 'நெத்ஸெர்'. அதே த்ஸாதே. யூதர்களின் அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் அந்த இடத்தில் நேரடியாக 'மேசியா' என்றே போட்டுவிடுகிறது. நாசரேத்திலிருந்து நன்மை வருமா என்று கேலி செய்யப்பட்ட ஊரின் பெயருக்குள் தாவீது வம்சத்தின் பட்டம் ஒளிந்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது எட்டுவதற்கு வழியே இல்லை. ஏசாயாவில் இருப்பது 'கிளை'. ஒலி உறவு போனது போகட்டும், அதை எந்த மொழிபெயர்ப்பாலும் காப்பாற்ற முடியாது. பொருளாவது வந்திருக்கலாம். கிளை என்றால் உயிரோடு நிற்கும் மரத்தில் இருப்பது. (எனக்கு முதலில் ஞாபகம் வருவது கட்சிக் கிளைதான்.) ஏசாயாவில் மரமே இல்லை. 10ஆம் அதிகாரம் லெபனோன் காடு வெட்டிச் சாய்க்கப்படுவதோடு முடிகிறது. அடுத்த வரியில் மிஞ்சியிருப்பது அடிமரம். அரச வம்சம் வெட்டுண்டு போன பிறகு மண்ணுக்குள்ளிருந்து வருவதுதான் நெத்ஸெர். ரப்பர் மரத்தை வெட்டிய தோட்டத்தில் அடிக்கட்டையிலிருந்து சிவந்து கிளம்பும் கொழுந்தைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். முளை, குருத்து, கொழுந்து என்று இத்தனை சொல் இருக்கும்போது கிளை எதற்கு?

இதையெல்லாம் வைத்துத்தான் அன்றைக்குப் பாட்டியை மடக்கினேன். ஆனால் நான் கவனிக்காமல் விட்டது கிரேக்கத்தை. மத்தேயு நமக்குக் கிடைத்திருப்பது கிரேக்கத்தில். அதில் த்ஸாதே பெரும்பாலும் 'சிக்மா' ஆகும், சீயோன் அப்படித்தான். நாசரேத்துக்கு மட்டும் வழக்கத்துக்கு மாறாக 'ஸீட்டா'. நாசீருக்கும் ஸீட்டாதான். கிரேக்க ஏசாயாவிலோ நெத்ஸெர் இருந்த இடத்தில் 'பூ' என்று இருக்கிறது. ஆக, கிரேக்கம் மட்டும் தெரிந்த முதல் வாசகருக்கு நசரேயன் என்றதும் ஏசாயா ஞாபகம் வந்திருக்காது, சிம்சோன் வந்திருக்கலாம். யூத மரபில் நியாயாதிபதிகள் புத்தகமும் 'தீர்க்கதரிசிகள்' பகுதியில்தான் அடங்கும். மத்தேயு மனதில் வைத்தது நியாயாதிபதிகள் 13தான் என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இன்னமும் நெத்ஸெர்தான் வலுவாகப் படுகிறது. திராட்சரசப் பிரச்சினையை நாசீர் கட்சியால் தாண்ட முடியவில்லை. ஆனால் 'ச'வில் எழுத்துகள் கலந்தது தமிழின் கோளாறு என்று நான் சொன்னது தவறு, கிரேக்கத்திலேயே கலந்தாயிற்று. எபிரேயம் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் பாட்டி போட்ட கோடு, இறையியலாளர்கள் போட்ட அதே கோடு.

அவருடைய வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. நியாயாதிபதிகள் 13இல் சிவப்புப் பேனாக் கோடு, ஓரத்தில் 'மத் 2' என்று அவர் கையெழுத்து. ஏசாயா 11 வெறுமையாக இருந்தது. அங்கே பென்சிலில் நானும் 'மத் 2' என்று எழுதி வைத்திருக்கிறேன்.