கரி நடக்குமா?

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ். நாலாவது படிக்கும் அக்கா மகள், வழியில் ஓர் ஊர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கரிவலம்வந்தநல்லூர்.

‘‘மாமா, இங்க அடுப்புக்கரி விப்பாங்களா?’’

‘‘அடுப்புக்கரி எங்கயாவது வலம் வருமா?’’

யோசித்தாள். ‘‘அப்ப நடக்கிற எதுவோ... கோயிலைச் சுத்தி... யானையா?’’

அகராதி இல்லை, நோட்ஸ் இல்லை. பக்கத்து வார்த்தைகளே பொருளைக் காட்டிக் கொடுத்துவிட்டன. ஊர்ப் பெயரே ஒரு நல்ல எடுத்துக்காட்டு வாக்கியம்!

வீட்டுக்கு வந்து அவள் தமிழ் நோட்டைப் புரட்டினேன். ‘வாக்கியத்தில் அமைத்து எழுதுக.’ நான் யானையைப் பார்த்தேன். நான் தேரைப் பார்த்தேன். நான் அருவியைப் பார்த்தேன். அஞ்சுக்கு அஞ்சு மார்க். எல்லாம் நோட்ஸில் உள்ளபடி.

அந்த வார்த்தையை மட்டும் விரலால் மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள். பூனையைப் பார்த்தாளா, போலீஸைப் பார்த்தாளா? எதுவும் பொருந்தும். எதுவும் பொருந்துகிற வாக்கியம் எதையும் கற்றுத் தராது.

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தை தெரிந்த ஒருவரின் பெயர் அதே ஊரோடு ஒட்டியிருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் தென்காசியை ஆண்ட அதிவீரராம பாண்டியர். கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதரைப் பாடும் திருக்கருவை அந்தாதிகள் அவர் பெயரில் வழங்குகின்றன. பிள்ளைகளுக்கு அவர் எழுதியது வெற்றிவேற்கை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதலில் ஆத்திசூடி. வரிக்கு இரண்டு மூன்று வார்த்தைதான். அப்புறம் கொன்றைவேந்தன், நாலு வார்த்தை. வெற்றிவேற்கையில் வாக்கியம் இன்னும் நீளும். பிள்ளை வளர வளர வாக்கியமும் வளர்ந்தது.

அதில் பனையும் ஆலும் வருகிற இடம் பிரமாதம். பனை வானம் முட்ட வளர்ந்தாலும் ஒருத்தர் உட்கார நிழல் தராது. ஆலின் விதையோ கயத்து மீனின் சினையைவிடப் பொடிசு. ஆனால் ராஜாவும் படையும் தங்க நிழல் தரும். கயம் என்றால் தெரியாதா? மீன் இருக்கிறது, அப்ப குளம்தான். சினை? பொடிசு, மீனுடையது, அப்ப முட்டை. மனப்பாடமே தேவையில்லை.

அதற்காக வெற்றிவேற்கையை அப்படியே திரும்பப் பாடமாக வையுங்கள் என்று சொல்லவில்லை. இன்ன குலத்துக்கு இன்னது அழகு என்று பிரிக்கும் வரிகளும் அதில் உண்டு. எடுத்துக்கொள்ள வேண்டியது வித்தையை மட்டும்.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. நல்ல காரியம். ஆனால் மலர் நிலைக்கு வந்த பிள்ளையும் ‘பார்த்தேன்’ என்றே எழுதினால், நிலை மாறி என்ன புண்ணியம்?

அக்கா மகளிடம் விரல் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். மறுவாரம் அவளே எழுதினாள்: ‘ஆடித்தபசுக்கு எல்லோரும் வடம் பிடித்து இழுத்தும் தேர் நகரவில்லை.’

விரலால் மூடினாலும் தேர்தான்!

அரை மார்க் குறைந்திருந்தது. பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘நோட்ஸில் உள்ளபடி எழுதவும்.’

‘‘மாமா, அடுத்த தடவை பார்த்தேன்னே எழுதிரட்டுமா?’’ என்கிறாள்.

என்ன சொல்லட்டும்?