கிடார் மேல் ஒட்டியிருக்கும் காகிதம்

போன மாசம் சுண்ணாம்புக்குளத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி வரை புறநகர் ரயில், அப்புறம் பஸ். போன வேலை வேறு. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஒரு பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டேன். அக்கா பையன் பதினொன்றாவது படிக்கிறான். சர்ச்சில் பாட்டுக்குழுவில் இரவல் கிடாரை வைத்து இரண்டு வருசம் வாசித்தவனுக்கு இப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் மேல் இருக்கும் ஸ்டிக்கர்களைப் பிய்க்கலாமா கூடாதா என்பதுதான் வழக்கு.

பையன் கட்சி: பிச்சிடணும். அப்பா கட்சி: தொடக்கூடாது. (அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன், அவர் பையன் என்னை மாமா என்பான். கீழே வரும் 'மாமா' எல்லாம் அவர்தான்.)

கிடாரை மடியில் வாங்கிப் பார்த்தேன். நான்கு காகிதங்கள். பிக்கார்டு, அதாவது ஓட்டைக்குக் கீழே நகம் பட்டுக் கீறாமல் இருக்க வைத்திருக்கும் கறுப்புத் தகடு, அதன் மேல் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலம். தலைப்பகுதியில் நூலில் கட்டின அட்டை. பின்பக்கம் விலைச்சீட்டு. ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால், உள்ளே முதுகுப் பலகையில் ஒட்டின லேபிள், மாடல் பேரும் வரிசை எண்ணும் அச்சடித்து.

இந்த மாதிரி கேள்வி வந்தால் நம்ம ஆட்கள் உடனே சிரிப்பார்கள். டிவி ரிமோட்டுக்கு பாலித்தீன் கவர், காரில் சீட்டு கவரைக் கழற்றாமல் ஆறு மாசம், கூலிங் கிளாஸில் 'யூவி 400' ஸ்டிக்கரோடு போட்டோ. பட்டிக்காடு என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அமெரிக்காவிலும் இதே சிரிப்புதான். கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் மின்னி பேர்ல் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1.98 டாலர் விலைச்சீட்டு தொங்குகிற தொப்பியோடு பல வருசம் வந்தார். கிராமத்துப் பெண்ணுக்கு சீட்டைக் கழற்றத் தெரியவில்லை என்பதே ஜோக். அதே நாட்டில் பிற்பாடு ஹிப்-ஹாப் பசங்கள் நியூ எரா தொப்பியின் விளிம்பில் இருக்கிற தங்க நிற வட்ட ஸ்டிக்கரைக் கழற்றாமலே போட்டார்கள், அது ஸ்டைல் ஆகிவிட்டது. காகிதம் ஒன்றுதான். யார் தலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சிரிப்பா மரியாதையா என்று முடிவாகிறது. அதனால் 'பார்க்க நல்லா இல்ல' என்ற வாதத்தை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் என் லேப்டாப்பில் கை வைக்கிற இடத்தில் ஆறு வருசமாக இன்டெல் ஸ்டிக்கர் இருக்கிறது. 1991-ல் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களின் விளம்பரச் செலவில் பங்கு கொடுத்து ஆரம்பித்த திட்டத்தின் மிச்சம் அது. காசு கொடுத்து வாங்கினவன் நான், விளம்பரம் அவர்களுக்கு. எனக்கு எதற்கு இந்தப் பேச்சு?

மாமாவின் வாதத்துக்கு வருவோம். "இன்னாத்துக்குப் பிக்கணும்? ஒட்டியிருந்தா வெல நிக்கும்" என்றார். முதலில் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அக்கா சொன்னாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வலையெல்லாம் போனபோது வீட்டில் இருந்த டிவியை விற்றார்கள். வாங்கி ஒரு வருசம். ஸ்டிக்கர், பில், அட்டைப்பெட்டி மூன்றும் இருந்ததால் எதிர்பார்த்ததைவிடக் கூடவே கிடைத்தது. அதை வைத்துத்தான் திரும்ப வலை வாங்கினார்கள். ஏரியில் தொழில் பார்க்கிறவனுக்கு வீட்டில் இருக்கும் சாமான்தான் பேங்க். ஸ்டிக்கர் அந்த பேங்க்கின் முத்திரை. இணையத்தில் கிடார்க்காரர்கள் தருகிற அறிவுரையில் இந்த வரி எங்கேயும் வராது, ஏன்னா அங்கே எழுதுகிறவர்களுக்குப் புயலுக்கு மறுநாள் கிடாரை விற்கிற அவசியம் இல்லை.

பையனின் வாதமும் லேசுப்பட்டதில்லை. "எப்ப வேணா விக்கிறதுக்கு ரெடியா வெச்சிருந்தா அது எப்பிடி மாமா என்னுது?" என்று என்னிடம் கேட்டான். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் அடுப்பில் லேசாகச் சூடு காட்டி ஸ்டிக்கரை உரிப்பார்கள், அப்புறம் பேர் வெட்டுவார்கள். கம்பெனி பேர் போய் வீட்டுப் பேர் வருகிறது. அதற்குப் பிறகுதான் அது நம்ம பாத்திரம். பையன் கேட்பது அந்தச் சடங்கைத்தான். உட்டி கத்ரி 1940-களில் தன் கிடார் மேல் இந்த எந்திரம் ஃபாசிஸ்டுகளை ஒழிக்கும் என்ற அர்த்தத்தில் வாசகம் போட்டுக்கொண்டதும் ஒரு வகையில் பேர் வெட்டுவதுதான்.

ஆக, இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் இரண்டு பேரும் ஒரு தப்பு செய்கிறார்கள்: நான்கு காகிதத்தையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம் பேசுகிறது.

படலம் லாரிக்காரனிடம் பேசுகிறது. வழியில் கீறல் விழாமல் வர வேண்டும், அவ்வளவே. வீட்டுக்கு வந்ததும் அதன் வேலை முடிந்தது. விட்டு வைத்தால் பசை நாளாக ஆக இறுகும், அப்புறம் உரித்தால் தகட்டில் பிசுக்கு தங்கும். ஏரிக்கரை உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஓரம் தூக்கி, இடுக்கில் அழுக்கு சேரும். விற்கும்போது இதனால் விலை ஏறும் என்பதும் சந்தேகம். பாதி உரிந்து மஞ்சளான படலத்தைப் பார்த்து எவன் கூடுதல் காசு கொடுப்பான்?

விலைச்சீட்டு சட்டத்திடம் பேசுகிறது. 2011-ம் வருசத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பேர், மாசம், வருசம், அதிகபட்ச விலை எல்லாம் போட்டாக வேண்டும். இது கிடாருக்குத் தேவையில்லை, ஆனால் மாமாவுக்குத் தேவை. முழுசாக எடுத்து பில்லின் பின்னால் ஒட்டி வைத்தால் போதும். தலையில் தொங்குகிற அட்டையும் அப்படியே.

உள்ளே இருக்கிற லேபிள் விஷயம் வேறு. அது வருங்காலத்தோடு பேசுகிறது. வயலின்களில் இந்தக் கதை நன்றாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் போஹீமியாவிலும் ஆயிரக்கணக்கில் செய்த மலிவு வயலின்களுக்குள் 'அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ்' என்று லத்தீனில் லேபிள் ஒட்டினார்கள். பரணிலிருந்து ஒன்றை எடுத்து, கோடீஸ்வரன் ஆகிவிட்டோம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஆனால் 1890-ல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போடச் சொன்னது. அதனால் ஸ்ட்ராடிவாரி பேருக்குக் கீழே ஜெர்மனி என்று ஆங்கிலத்தில் இருந்தால், அநேகமாக அந்த வயலின் அதற்கு அப்புறம் செய்தது. முதல் வரி பொய், கடைசி வரி உண்மை. லேபிளைக் கிழித்துப் போட்டிருந்தால் இரண்டுமே போயிருக்கும். பொய் லேபிளுக்கும் ஆவண மதிப்பு உண்டு என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

லேபிள் சொல்லாமல் விடுவதும் நிறைய. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம்ம ஊர் ஈட்டி மரம்தான் அது. எத்தனையோ கிடார்களின் முதுகு தென்னிந்தியக் காட்டிலிருந்து போனது, பேர் மட்டும் பென்சில்வேனியா. 2017 ஜனவரியில் அந்த மரக் குடும்பம் முழுக்க சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் வந்தது, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் கிடாரை நாடு விட்டு நாடு விற்று அனுப்பியவர்களுக்குத்தான் எந்த மரம், எப்போது செய்தது என்று காட்டுகிற காகிதத்தின் அருமை தெரியும்.

அதனால் உள் லேபிளைத் தொடக்கூடாது. சத்தம் கெட்டுப்போகுமா என்றால் அதெல்லாம் இல்லை. முதுகுப் பலகையில் இருக்கும் ஒரு துண்டுக் காகிதத்தின் எடை காதுக்குத் தெரியாது.

நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது பையன் வெளியே போய், படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற இடத்திலிருந்து பிசுக்கு துடைக்க ஒரு பாட்டிலில் அசிட்டோன் வாங்கி வந்துவிட்டான். ரெசின் பிரஷ் கழுவ அவர்களிடம் எப்போதும் இருக்கும். அலறிப் பிடுங்கினேன். நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷாக இருந்தால் அசிட்டோன் கரைத்தே விடும். மலிவு கிடார்களில் பெரும்பாலும் பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோதான், அவை கொஞ்சம் தாங்கும். ஆனால் பிளாஸ்டிக் தகடும் ஓரப் பட்டையும் தாங்காது. தின்னரும் அப்படித்தான். படலத்தை ஓரத்திலிருந்து தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். மிச்சப் பசைக்கு சுத்தமான துணியில் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், வெறும் மரத்தில் படாமல். பாத்திரத்துக்குச் செய்கிற அடுப்புச் சூடு வித்தை இங்கே வேண்டவே வேண்டாம்.

மாமா எதுக்கும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் பையன் வாசித்துக்காட்டினான். கீழ்க்கம்பியை அடிக்கும்போதெல்லாம் கூடவே ஒரு 'ர்ர்ர்'. கம்பி தப்பா, ஃபிரெட் தப்பா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா எழுந்து வந்தார். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர். காதைப் பக்கத்தில் கொண்டுபோய், இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். படலத்தின் ஒரு மூலை தூக்கியிருந்தது. விரலால் அழுத்தினார், சத்தம் நின்றது. விட்டார், வந்தது.

"இது மட்டும்" என்று சொல்லி அவரே உரித்தார். விலைச்சீட்டு இன்னும் பின்னால் ஒட்டியபடிதான் இருக்கிறது. அட்டைப்பெட்டி பரண் மேல். அசிட்டோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி பையனை அனுப்பினோம்.