பாவு நூலும் இரட்டை உருவமும்: தறிக்கூடத்தில் கேனான் பி

1959இல் வெளிவந்த ஜப்பானியக் கேமராவான கேனான் பி, மின்கலம் எதுவுமின்றி வில்லும் பற்சக்கரமும் மட்டுமே கொண்டு இயங்குவது. ஒரு வினாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலான ஷட்டர் வேகம், 39 மி.மீ. திருகு லென்ஸ்களை ஏற்கும் வாய், பின்கதவைத் திறந்து படச்சுருளைப் பொருத்தும் வசதி ஆகியவை பழைய கேமரா தேடுவோர் அனைவரும் அறிந்தவை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளில் அதைச் சில வாரங்கள் பயன்படுத்தும்போது இவை யாவும் பின்னுக்குப் போய், வியூஃபைண்டரின் நடுவிலுள்ள ஒரு சிறு கட்டமே கேமராவின் முழுக் குணமாகிவிடுகிறது.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது இரு கண்களைப் போல இரண்டு சாளரங்களின் வழியே ஒரே பொருளைப் பார்த்து, இரு காட்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் தொலைவுமானி. லென்ஸைத் திருகத் திருக, நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டாவது உருவம் பக்கவாட்டில் நகர்ந்து, முதல் உருவத்தோடு சேருமிடத்தில் ஃபோகஸ் சரியாகிறது. குழித்தறி இருக்கும் அறையில் வெளிச்சம் பெரும்பாலும் ஒரு சன்னலிலிருந்தோ தறிக்கு மேல் தொங்கும் விளக்கிலிருந்தோதான் வருமாதலால், முப்பதில் ஒரு பங்கு வினாடியில் கையிலேயே பிடித்து எடுக்க வேண்டியிருக்கும். எழுந்து விழும் கண்ணாடி உள்ளே இல்லாத இந்தக் கேமராவுக்கு அது எளிது.

ஆனால் தறியே இந்தக் கருவியின் மிகக் கடினமான சோதனைக்களமாகவும் அமைந்துவிடுகிறது. தறியின் பக்கத்தில் நின்று பார்க்கையில் பாவு நூல்கள் கிடைமட்டக் கோடுகளாகத் தெரிவதால், பக்கவாட்டில் நகரும் இரண்டாவது உருவம் அதே கோட்டின் மேலேயே வழுக்கிச் செல்கிறது. எங்கே திருகினாலும் பொருந்தியது போலவே தோன்றும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் இக்குறை நீங்கும். பாவு நூல்களை ஏற்றி இறக்கும் விழுதுகளை முன்பக்கமிருந்து எடுக்கும்போது நேரும் பிழையோ இன்னும் நுட்பமானது. வரிசையாகத் தொங்கும் அந்த நூல்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், ஓர் உருவத்தின் முதல் நூல் மற்றோர் உருவத்தின் இரண்டாம் நூலோடு சேர்ந்து, பொருத்தம் முடிந்ததாகக் கண்ணை நம்பவைத்துவிடும்.

இப்பிழையின் அளவைக் கணக்கிட்டும் பார்க்கலாம். கேனான் பியின் இரு சாளரங்களுக்கிடையே உள்ள தூரம், அதாவது அடித்தொலைவு, 41 மி.மீ. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள நூல்களின் இடைவெளி 2 மி.மீ. என்று கொண்டால், ஒரு நூல் தள்ளிப் பொருந்தும்போது ஃபோகஸ் ஏறத்தாழ 5 செ.மீ. விலகுகிறது, 50 மி.மீ. லென்ஸை 1.8 துவாரத்தில் முழுதும் திறந்து வைத்தால், தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்தே சுமார் 4 செ.மீ.தான். 1954இல் வந்த லைக்கா எம்3இன் அடித்தொலைவு ஏறக்குறைய 69 மி.மீ. ஆதலால் அதில் விலகல் 3 செ.மீ. அளவுக்குக் குறையும், என்றாலும் படம் மங்கத்தான் செய்யும். பல மடங்கு விலை கொடுத்து எம்3 வாங்கினாலும் விழுதின் ஏமாற்று தீர்வதில்லை. விழுதை விட்டுவிட்டுத் தறிக்கம்பத்தின் ஓரம், நெய்பவரின் புருவம் என ஒற்றையாய் நிற்கும் ஒன்றைப் பற்றிக்கொள்வதே வழி. கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் ஒன்றுபோல் நிற்கும் சிம்மத் தூண்களுக்கு முன்பும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இதற்கு ஈடாக, எதிர்பாராத இன்பம் ஒன்றையும் தறி தருகிறது. முந்தானையில் ஜரிகை ஏறிய இடத்தில் விளக்கொளி பட்டுத் தெறிக்கும் ஒரு புள்ளி, நடுக்கட்டத்தில் இரண்டு பொற்புள்ளிகளாகத் தெரிந்து, லென்ஸைத் திருகும்போது ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து ஒரே புள்ளியாய் அடங்கும். சுற்றிலும் எதுவும் தெளிவாகத் தெரியாத இருட்டிலும் அந்தச் சேர்க்கையில் ஐயமே எழாது. கேனான் பியின் வியூஃபைண்டர் பொருளைச் சிறிதாக்காமல் உள்ளபடியே காட்டுவதால் இரு கண்களையும் திறந்தே பார்க்கலாம். நாடா ஓடுவதை ஒரு கண்ணும் ஜரிகைப் புள்ளியை மறு கண்ணும் கவனிக்கும் இந்த வசதிக்காகவே இதை எம்3க்கு மேலாக வைக்கலாம். 35, 50, 100 மி.மீ. லென்ஸ்களுக்கான மூன்று சட்டங்களும் எப்போதும் ஒருங்கே தெரிவதும், மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு 35 மி.மீ. சட்டத்தின் ஓரம் எட்டாமல் போவதும் எரிச்சல் தருபவைதான்.

கைமாறும் கேமராக்களை விற்போர் உடலின் பளபளப்பைப் பத்துப் படங்களில் காட்டிவிட்டு, வியூஃபைண்டருக்குள் எடுத்த ஒரு படத்தைக்கூடக் காட்டாதது பெருங்குறை. இரண்டாவது உருவத்தைப் பிரதிபலிக்கும் பாதிப் பூச்சுக் கண்ணாடி அறுபது ஆண்டுகளில் மங்கியிருந்தால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஊரின் தறி வீட்டில் அக்கேமரா பயன்படாது. மாறாக, எஃகு ஷட்டர் திரையில் காணும் சுருக்கங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கேனான் பியில் அவை மிகச் சாதாரணம், பெரும்பாலும் வேலையைக் கெடுப்பதுமில்லை. லைக்காவின் துணித்திரையோ, மூடியில்லாத லென்ஸ் சித்திரை வெயிலில் சூரியனை நோக்கிக் கிடந்தால் ஊசித்துளை விழுந்துவிடக்கூடியது. ஈரக்காற்றில் வளரும் பூஞ்சையை, லென்ஸின் பின்புறமிருந்து விளக்கொளி பாய்ச்சித் தேட வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் செய்யவேண்டிய இறுதிச் சோதனைக்கு ஏகாம்பரநாதர் கோயில் இராஜகோபுரமே போதும். கோபுரம் நன்றாகத் தெரியும் தொலைவில், இயன்றவரை ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று, லென்ஸை முடிவிலி வரை திருகிக் கலசங்களில் ஒன்றை நடுக்கட்டத்தில் வைத்துப் பார்க்கும்போது இரு உருவங்களும் பிசிறின்றி ஒன்றாக வேண்டும். இங்கும் கலசங்கள் வரிசையாக நிற்பதால், ஓரத்துக் கலசத்தையே தேர்ந்துகொள்வது நல்லது. ஓர் உருவம் மற்றதற்கு மேலே நின்றால் செங்குத்துச் சீரமைவு பிசகியிருக்கிறது. பக்கவாட்டில் விலகி நின்றால் பிழை லென்ஸிலும் இருக்கலாம், கேமராவிலும் இருக்கலாம் என்பதால், வேறொரு லென்ஸைப் பொருத்தி அதே கலசத்தை மறுபடியும் பார்க்க வேண்டும்.